ஆளுக்கொரு பக்குவம்

மீனை எப்படிப் பொரிப்பது என்று நான் கேட்டதற்கு, டெய்லர் அக்கா என் வீட்டுத் தோசைக்கல்லைப் பார்க்க வேண்டும் என்றார். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, என் அடுப்படிக்கு வந்து நின்றார். கல்லைத் தூக்கிக் கனம் பார்த்தார். கவிழ்த்து அதன் முதுகைத் தடவினார். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, தீ எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்த்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "நீ அவசரக்காரியா தங்கச்சி?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. திருச்செந்தூர்ப் பக்கம் கடலோர ஊரில் பிறந்தவள் நான். சாளையும் நெத்திலியும் சாப்பிட்டே வளர்ந்தவள். மலையும் தோப்புமாக இருக்கிற உத்தமபாளையத்துக்கு வந்து, ஒரு டெய்லர் அக்காவிடம் மீன் பொரிக்கப் பாடம் கேட்கிறேனே என்று ஏற்கெனவே மனசுக்குள் புகைந்துகொண்டிருந்தது. இதில் அவசரக்காரியா என்று வேறு கேள்வி. அவசரக்காரிதான், அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் எரிச்சல்.

ஆனால் கேட்காமல் இருக்க முடியாத நிலைமை. அந்த வருஷம் என் மாமியார் இறந்துபோனார். மாமா ஊரில் தனியாக இருந்தார். ஒருநாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், சாயங்காலம் பால்காரர் வந்து குரல் கொடுக்கிறவரை அப்படியே கிடந்திருக்கிறார். எலும்பு எதுவும் முறியவில்லை, நல்லகாலம். என் கணவர் மறுநாளே போய், கையோடு அழைத்து வந்துவிட்டார். மாமாவுக்கு வர மனசில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"ஒரு மாசம் இருந்து பாக்கேன். ஒத்துக்கிடலைன்னா போயிருவேன். அப்பொறம் ரெண்டு பேரும் தடுக்கப்பிடாது."

சரி என்று என் கணவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பூட்டிய வீட்டுக்கு அவரை எப்படித் திருப்பி அனுப்புவது? எனக்கு அப்பா கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து "தாயி" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதர் அவர். அவர் எங்களோடு இருக்க வேண்டும் என்பதில் கணவரைவிட எனக்குத்தான் பிடிவாதம் அதிகம்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பைபாஸில் தொட்டியில் உயிரோடு வைத்து விற்கிற அணை மீன் வாங்கினேன். ஜிலேபி மீன். வெள்ளைச் சதை, முள்ளும் அதிகமில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி மசாலா அரைத்து, தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் ஊறவைத்துப் பொரித்தேன். கல்லோடு பாதி போய்விட்டது. மீதியைத் தட்டில் வைத்தேன். மாமா ஒரு வாய் வைத்தார். தாடை மெதுவாக நின்றது.

"சேறு மணக்கு தாயி" என்றார். திட்டவில்லை. தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு மோர்ச்சோறு கேட்டார். அந்த வாரம் முழுக்க மோர்ச்சோறுதான். புதிதாகக் கட்டியிருந்த பல்செட்டு வேறு அவருக்குச் சரியாகப் பழகவில்லை. சட்டை ஆணியில் மாட்டிய மாதிரி தோளில் தொங்கியது. சாப்பாடு பிடிக்காத வீட்டில் ஒரு மாதம் எதற்கு, ஒரு வாரமே போதும் என்று அவர் நினைத்தால் தப்பு சொல்ல முடியாது. அதனால்தான் கௌரவத்தை மடித்து வைத்துவிட்டு டெய்லர் அக்காவிடம் போய் நின்றேன்.

எங்கள் காம்பவுண்டில் ஐந்து வீடுகள். நுழைந்ததும் முதல் வீடு அவருடையது. முன்னறையில் இரண்டு தையல் மிஷின். கணவருக்குக் கம்பத்தில் டயர் கடை. மகள் மதுரையில் காலேஜில் படித்தாள். ராவுத்தர் வீடு. ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி ஐந்து வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் வந்துவிடும். காம்பவுண்டில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள். போய்விட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஏனென்றால் அவரிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில் வாங்கவே முடியாது. எது கேட்டாலும் முதல் வார்த்தை, "யாருக்கு?"

இருமலுக்கு என்ன கஷாயம் அக்கா? யாருக்கு? மெட்ராஸுக்கு எந்த பஸ் நல்லது? யாருக்கு? ஒருமுறை ஆடி மாதச் சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலுக்குப் போக வழி கேட்டு, என் அலுவலகத்துப் பெண்கள் இருவர் ஒரே நாளில் அவரிடம் வந்தார்கள். ஒருத்திக்குச் சின்னமனூரில் இறங்கி மாறச் சொன்னார். இன்னொருத்திக்கு, "கைப்பிள்ளையத் தூக்கிட்டு இந்தக் கூட்டத்துல எதுக்குத்தா போற? ஆவணி பொறக்கட்டும், நிம்மதியாப் போயிட்டு வா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் கோபித்துக்கொண்டாள். கோயிலுக்குப் போகாதே என்று சொல்ல இந்த அம்மா யார் என்றாள். ஆனால் ஆவணியில்தான் போனாள்.

தையலிலும் அப்படித்தான். ஊர் உலகத்தில் எல்லா டெய்லரும் அளவு ஜாக்கெட் கேட்பார்கள். இவர் கொடுத்தாலும் வாங்கமாட்டார். "இது போன வருஷத்து உடம்புக்குத் தைச்சது. இந்த வருஷத்து உடம்பு எங்க? நில்லு இங்கன" என்பார். நிற்க வைத்து டேப்பைச் சுற்றுவார். சுற்றிக்கொண்டே கேள்வி. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற வேலையா? கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிப்பியா? பிள்ளை பால் குடிக்கிறதா? இவ்வளவும் ஒரு ஜாக்கெட்டுக்கு. அதனால் எதுவும் சொன்ன தேதிக்கு வராது. கல்யாணப் பெண்கள் அழுதிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரே வாரத்தில் தைத்துக் கொடுக்கிற கடை இருந்தும், அழுதவர்களே திரும்ப இவரிடம் வந்தார்கள். எனக்கு அப்புறம் நாலு ஊர் மாற்றலாகிவிட்டது. தபால் ஆபீஸ் உத்தியோகம், போட்ட இடத்துக்குப் போக வேண்டியதுதான். எந்த ஊரிலும் கையைத் தூக்கினால் இழுக்காத ஜாக்கெட் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

என் அடுப்படியில் அன்று கேட்ட கேள்விகள்: மீன் எங்கே வாங்குகிறேன்? காலையிலா சாயங்காலமா? எத்தனை பேர்? பெரியவருக்குப் பல் எப்படி? மெல்லுகிறாரா, விழுங்குகிறாரா? எல்லாவற்றையும் கேட்டு முடித்து, கல்லைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒனக்கு மாவு எதுவும் வேணாம் தங்கச்சி. அரிசி மாவு, ரவை, சோள மாவு, எதுவும் கூடாது. மீன கல்லுப்புப் போட்டுத் தேச்சு, மோர்ல ஒருக்கா அலசு. சேத்து வாடை போயிரும். அப்புறம் துணியில பரப்பி, காத்தாடிக்கு அடியில அரை மணி நேரம் போட்டிரு. ஈரம் இருந்தாத்தான் கல்லுல ஒட்டும். மொளகாத்தூள், மஞ்சத்தூள், மொளகு, உப்பு. தண்ணி விடாத, எண்ணெயில கொழப்பித் தடவு. கல்லு நல்லாக் காஞ்சதும் போடு. போட்டதுக்கு அப்புறம் நீ அடுப்படியில நிக்காத."

"நிக்காம?"

"வெளிய வந்து நூறு எண்ணு. ஒன் கைய நம்ப முடியாது."

அவர் எனக்கென்று தன் வெட்டுத் துணியிலிருந்து இரண்டு முழம் மெல்லிய மல் துணியும் கொடுத்தார், மீனைத் துடைக்க. அடுத்த ஞாயிறு சொன்னபடியே செய்தேன். நூறு எண்ணினேன், அவசரத்தில் எண்பதிலேயே உள்ளே போனேன் என்பது வேறு விஷயம். கரண்டியை அடியில் கொடுத்ததும் மீன் தானாகக் கழன்று வந்தது. தோல் பக்கம் மெல்லிசாக, செம்பழுப்பாக, ஓரத்தில் மட்டும் லேசாக மொறுமொறுவென்று இருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சதை. மாமா ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று மத்தியானம் அவர் ரசத்துக்கும் சோறு வாங்கிக்கொண்டார்.

இதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டுக் கோகிலாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். மாவே போடாமல் மீன் பொரித்த கதையை. கோகிலா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"மாவு போடக்கூடாதுன்னா சொன்னாக? என்கிட்ட அரிசி மாவும் ரவையும் சமமாப் போட்டு, முட்டை வெள்ளைக்கருவ ஊத்திப் பெசையச் சொன்னாகளே. மூணு வருஷமா அப்படித்தான பொரிக்கிறேன்!"

மாடிவீட்டு நர்ஸ் அம்மா படியில் நின்றபடி, "எனக்கு மசாலாவே வேணாம், எலுமிச்சையும் மொளகும் போதும்னாக" என்றார்.

அன்று சாயங்காலம் கோகிலா தன் வீட்டு மீன் ஒரு துண்டைக் கிண்ணத்தில் கொண்டு வந்து தந்தாள். கடித்தேன். கடித்த சத்தம் என் காதுக்கே கேட்டது. நொறுங்கி, உதிர்ந்து, அப்படி ஒரு மொறுமொறுப்பு. என் மீனெல்லாம் இதற்கு முன்னால் எதுவுமே இல்லை. ஆக, அக்கா நல்ல பக்குவத்தை இவளுக்குச் சொல்லிவிட்டு, எனக்கு இரண்டாந்தரத்தைத் தள்ளிவிட்டார். ஊருக்குப் புதுசு என்பதாலா? கடலோரத்துக்காரி என்று நான் பீற்றிக்கொண்டதாலா? கோபம் வந்தால் எனக்கு யோசனை வராது. அப்போதே போய் அவர் வாசலில் நின்றேன்.

"ஏங்க்கா, ஆளுக்கொரு கதை சொல்லுவீங்களா? நல்லதை மறைச்சுக்கிட்டுத்தான் சொல்லித் தரணுமா?"

துணி வாங்க வந்த இரண்டு பெண்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் கேட்டேன். அக்காவின் கால் மிதிப்பதை நிறுத்தியது.

"நீ கேட்டது ஒன் வீட்டுக்கு. நான் சொன்னதும் ஒன் வீட்டுக்குத்தான்" என்றார். அவ்வளவுதான். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க நான் அந்த வாசலைத் தாண்டும்போது அவர் தலை நிமிரவில்லை.

அடுத்த ஞாயிறு கோகிலாவின் பக்குவத்தில் பொரித்தேன். அரிசி மாவு, ரவை, முட்டை. கவசம் மாதிரி ஏறி நின்றது. நிறத்தைப் பார்த்தே எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவுக்குப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தேன். அவரும் போன வார ருசியை நினைத்துக்கொண்டு ஆசையாகத்தான் கடித்தார்.

ஒரு சத்தம் கேட்டது. மீன் உடைந்த சத்தமல்ல. மாமா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வந்தபோது கைக்குட்டையில் மேல் பல்செட்டு இரண்டு துண்டாக இருந்தது. ஈறும் ஒரு பக்கம் கீறி ரத்தம் கசிந்திருந்தது. என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். 

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. வாய் குழிந்து, திடீரென்று பத்து வயது கூடிப்போன முகத்தோடு, அறைக்குள் போய்ப் பையை எடுத்தார். வேட்டிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்.

"மாசம் முடியட்டும்னுதான் பாத்தேன் தாயி. ஒனக்கும் செரமம், எனக்கும் செரமம். நாளைக்குக் காலையில தேனி போயி பஸ் ஏறிக்கிடுதேன். ஊர்ல போயி கஞ்சி வச்சுக் குடிச்சிக்கிடுவேன்."

என் கணவரால் தடுக்க முடியாது. தடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். நான் செருப்புக்கூடப் போடாமல் முதல் வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அக்கா, மாமாவோட பல்செட்டு உடைஞ்சுபோச்சு."

"எதக் கடிச்சாக?"

"மீனை."

"நான் சொன்ன மீனா, கோகிலா மீனா?"

எனக்குக் கண்ணீர்தான் வந்தது. என் மடத்தனத்தால் ஒரு மனிதர் பூட்டிய வீட்டுக்குத் திரும்பிப் போகப் போகிறார். இன்னொரு முறை விழுந்தால் பால்காரர் வருகிறவரைதான் அவர் உயிர். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாலு பேர் முன்னால் கேட்டது தப்பு என்றும் சொன்னேன்.

"கோகிலா மீன் வாங்குறது சாயங்காலம், வேலை விட்டு வரும்போது" என்றார் அவர், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடையில கடேசியாக் கெடக்குற உடைஞ்ச துண்டுதான் கெடைக்கும். மாவும் முட்டையும் இல்லேன்னா கல்லோட போயிரும். அவ வீட்டுல ரெண்டும் பந்து வெளையாடுற பயலுக. கல்லக் குடுத்தாலும் கடிப்பானுக. ஒன் வீட்டுல யாரு இருக்கா? நாலு பேருக்கு முன்னாடி என்னையக் கேட்டியே, அதை ஒன்கிட்ட நீ கேட்டியா?"

அவருக்கு வலித்திருக்கிறது என்பது குரலில் தெரிந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் சக்கரத்தைக் கையால் நிறுத்தி, அப்புறம் மறுபடி சுற்றினார்.

"இரு. இந்த ஓரத்த அடிச்சிட்டு வாரேன். பாதியில விட்டா கோணும்."

வந்தார். அடுப்படிக்குப் போகவில்லை. நேராக மாமா உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பை பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "அப்பா, வாயத் தொறங்க" என்றார்.

மாமா திகைத்துப் போனார். ஆனால் திறந்தார். அக்கா விரலால் தொடாமல், தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். கழுத்தில் அந்த டேப் தொங்கிக்கொண்டிருந்தது; ஒரு நிமிஷம் அதை எடுத்து ஈறை அளந்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

"எங்கன எரியுது?"

"எடது பக்கம். கொஞ்சம் காந்துது."

"வலது பக்கம் ஒதுக்கி மெல்லுவீகளா?"

"மெல்ல என்னம்மா இருக்கு? சப்ப வேண்டியதுதான்."

"சரி" என்று எழுந்தார்.

மசாலா தடவாமல் நான்கு துண்டு மிச்சம் இருந்தது. அதைத் துணியில் ஒற்றி ஒற்றி எடுத்தார். மிளகாய்த்தூளைத் தொடவே இல்லை. உப்பும் மஞ்சளும் மட்டும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி கல்லில் வைத்தார். புரட்டவில்லை. ஒரு கரண்டியால் ஓரத்து எண்ணெயை எடுத்து எடுத்து மேலே விட்டார். கண்ணாடி மாதிரி இருந்த சதை மெதுவாகப் பால் வெள்ளையாகியது. வெந்ததும் மீனை எடுத்து, தோலை மட்டும் உரித்து, அதை மறுபடி கல்லில் போட்டு அப்பளம் மாதிரி ஆகிறவரை விட்டார். சதையை முள் பார்த்து உதிர்த்து, சூடு ஆறாத சோற்றின் மேல் பரப்பினார். தட்டை மாமா முன்னால் வைத்துவிட்டு, அவர் பார்க்க, அந்தத் தோலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து நொறுக்கினார். நரநரவென்று சத்தம். பொடிப்பொடியாகச் சோற்றின் மேல் விழுந்தது.

"பல்லு செய்ற வேலைய இன்னைக்கு வெரலு செய்யட்டும்ப்பா" என்றார்.

மாமா முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் பிசைந்து ஒரு வாய் வைத்தார். ஈறுக்கு நடுவே அது என்ன ஆயிற்றோ தெரியாது. கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்கியது. இரண்டாவது வாய். மூன்றாவது வாய்க்குப் பிறகு கண்ணைத் திறந்து, தட்டை அக்கா பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

"இன்னுங்கொஞ்சம் நொறுக்கு" என்றார்.

மறுநாள் காலையில் தேனிக்குப் போனார்கள்; அப்பாவும் மகனுமாக, பல் டாக்டரிடம். பல்செட்டு சரிபண்ணி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சரி, அதுவரைக்கும் இருக்கிறேன் என்றார் மாமா. பை பிரிக்கப்படாமலே மூலையில் இருந்தது. தேவைப்படும்போது அதிலிருந்து ஒரு வேட்டியை மட்டும் உருவிக்கொள்வார். அறையைப் பெருக்கும்போது அந்தப் பையை மட்டும் தொடாமல் சுற்றிப் பெருக்குவேன். கணவர் வாக்கைக் காப்பாற்றுகிற முனைப்பில் எதுவும் பேசாமல் இருந்தார். எனக்கு அவரைக் கிள்ள வேண்டும்போல இருந்தது.

பல்செட்டு வந்தது. அதற்கப்புறம் இருப்பதா போவதா என்ற பேச்சே எழவில்லை. மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும். ஒருநாள் மத்தியானம், எனக்கு லீவு நாள், மாமா தன் மூன்று சட்டைகளையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். தொளதொளவென்று இருக்கிறது, ஊருக்குப் போகுமுன் பிடித்துத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஊருக்குப் போகுமுன். நானும் பின்னாலேயே போனேன்.

அக்கா சட்டையை அவர் தோளில் வைத்துப் பார்த்தார். ஓரத்தை மடித்துப் பார்த்தார். அப்புறம் மூன்றையும் மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"இப்பத் தைக்க முடியாதுப்பா."

"ஏம்மா?"

"வந்தப்ப இருந்ததுக்கு இப்பத் தோளு கொஞ்சம் தேறியிருக்கு. இன்னும் தேறும். இப்பப் பிடிச்சுட்டா அப்புறம் இறுக்கும். ரெண்டு மாசங்கழிச்சு வாங்க."

"ரெண்டு மாசத்துல நான் இங்ஙன இருக்கமாட்டனே."

"அப்பச் சட்ட இப்படியே கெடக்கட்டும்" என்றார் அக்கா. வேறு துணியை எடுத்து மிஷினில் வைத்துக்கொண்டார்.

மாமா போகவில்லை. சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பாத்துப் பாத்துச் சொல்லுதியே. ஒனக்கு மீனு எப்படி இருக்கணும்?"

"எனக்கா?"

மிஷின் நின்றது. அக்கா சிரித்தார். கேள்வி புரியாதவர் சிரிப்பதுபோல இருந்தது. "எங்க வீட்டு அவுகளுக்குக் கருகுன மாதிரி வேணும். மகளுக்கு வால் துண்டு…"

"அவங்களக் கேக்கல. ஒன்னையக் கேக்கேன்."

 எந்தக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி வைத்திருக்கிற மனுஷிக்கு இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. நூல் சுற்றிய பாபினை எடுத்துப் பார்த்தார், திரும்ப மாட்டினார்.

"எனக்கு மொறுமொறுன்னு இருந்தாப் பிடிக்காதுப்பா" என்றார், ஏதோ தப்புச் செய்ததை ஒத்துக்கொள்கிற மாதிரி. "தொண்டையக் கீறும். மெத்துன்னு வேணும். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மூடி போட்டு, வெள்ளையா, ஈரமா. காரம் கூட வேணாம்."

நான் திடுக்கிட்டுப் போனேன். ஐந்து வீட்டிலும் யார் மீன் பொரித்தாலும் நல்ல மொறுமொறுப்பான துண்டாகப் பார்த்து முதலில் அவருக்குத்தான் போகும். நானும் அனுப்பியிருக்கிறேன். கோகிலா மூன்று வருஷமாக அனுப்புகிறாள்.

"அப்ப நாங்க குடுத்ததையெல்லாம்?"

"எங்க வீட்டு அவுக தின்னாக. நல்லாருக்குன்னுதான் சொன்னாக."

"சொல்லியிருக்கலாமேக்கா!"

"ஆசையாக் கொண்டுவந்து குடுக்குறீக. நீங்க கேட்டாத்தான சொல்ல முடியும்?" என்றார். அதில் குத்தல் இல்லை. அதனாலேயே எனக்கு வெட்கமாக இருந்தது. வாராவாரம் அவரிடம் போய் நின்று, எங்களை அளந்துகொண்டு வந்தோமே தவிர, ஒருத்தருக்கும் அவரிடம் இதைக் கேட்கத் தோன்றவில்லை. அவருடைய பழக்கத்தைக் கேலி பேசத்தான் எங்களுக்கு நேரம் இருந்தது.

அந்த ஞாயிறு காலையில் நான் எழுந்து வந்தபோது மாமாவைக் காணோம். பை மூலையில் இருந்தது. மனசு கொஞ்சம் அடங்கியது. அரை மணி கழித்து ஈரம் சொட்டுகிற மீன் பையோடு வந்தார். அணை மீன் சேறு மணக்கிறது என்ற மனிதர், பைபாஸில் நின்று செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரரோடு சண்டை போட்டு, இருக்கிறதிலேயே நல்லதாக இரண்டு ஜிலேபி வாங்கி வந்திருந்தார். அன்றைக்கு அவர் வந்து முப்பத்தொரு நாள். கெடு முந்தின நாளே முடிந்துவிட்டது. எனக்கும் என் கணவருக்கும் அது தெரியும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாயைத் திறக்கவில்லை.

"மூடியப் போடு தாயி. தீயக் கொற. சத்தமே வரப்பிடாது" என்று அடுப்படி வாசலிலேயே நின்றார். மீன் கல்லில் வெள்ளையாக வெந்தது. இரண்டு துண்டைத் தட்டில் எடுத்து, மேலே தன் தோள் துண்டால் மூடி, தானே தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து, மிஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். ஒரு துண்டைப் பிட்டு மெதுவாகச் சாப்பிட்டார். மாமா எதிரே நாற்காலியில் குனிந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற மாதிரியே. அக்கா இரண்டு துண்டையும் முடித்தார். முள்ளை ஓரமாக ஒதுக்கினார். கண்ணோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்குப்பா. ஆனா ஒரு நிமிசம் முன்னாடி எறக்கியிருக்கலாம்."

"அப்படியா" என்றார் மாமா. கொஞ்சம் யோசித்தார். "சரி, அடுத்த வாரம் பாத்துக்கிடுதேன்."